நல்லகாமன் வீட்டு அடிக்கல்

அனுமதி கேட்டதுதான் நல்லகாமன் செய்த ஒரே தப்பு. மற்ற தப்பையெல்லாம் வாரியம் பார்த்துக்கொண்டது.

எங்கள் காலனி மதுரை கே.கே. நகரைத் தாண்டி வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் இருக்கிறது. வீடுகளைக் கட்டி விற்றது ஒரு வாரியம். விற்றதோடு கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் போட்டிருக்கும் சிமெண்ட் பாதையை மட்டும் தன் ஆளுகையில் வைத்துக்கொண்டது. நமக்கு அது சிமெண்ட் பாதை. வாரியத்தின் பாஷையில் ‘உள்வழி’. உள்வழிகளைப் பாதுகாக்க ஒரு கிளை அலுவலகம், அதற்கு ஒரு நிர்வாக அதிகாரி, அவருக்கு ஓர் உதவி நிர்வாக அதிகாரி, இவர்கள் போய்வர ஒரு ஜீப். அந்த ஜீப்பை நிறுத்த அலுவலகத்தில் இடம் கிடையாது. அது ரோட்டில்தான் நிற்கும்.

என் பெயர் பிச்சுமணி. தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊராருடைய சாவையும் கல்யாணத்தையும் நாலு வார்த்தையில் அடக்கி அனுப்பியே காலம் போய்விட்டதால், வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதனாலேயே எதிர்வீட்டு நல்லகாமனை எனக்குப் பிடிக்கும். அவர் மைக்செட் வைத்திருக்கிறார். மதுரையைச் சுற்றி எங்கே காதுகுத்து, எங்கே கட்சிக் கூட்டம், எங்கே மாரியம்மன் பொங்கல் என்றாலும் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். ஊர் முழுக்கப் பேசுவதற்கு மைக் கொடுத்த மனுஷன், தாம் பேசியதில்லை. மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, “ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ” என்பார். அத்தோடு இறங்கிவிடுவார். வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். பேச்செல்லாம் அவர் சம்சாரம் செல்லத்தாயின் இலாகா.

செல்லத்தாயின் காதிலும் கழுத்திலும் கிடந்ததையெல்லாம் போட்டு அந்த வருஷம் அவர்கள் ஒரு பழைய மெட்டடார் வேன் வாங்கினார்கள். நீல வண்டி. ஆம்ப்ளிஃபயர், குழாய், ஒயர் எல்லாவற்றையும் அதுவரை மாட்டுவண்டியிலும் ரிக்‌ஷாவிலும் ஏற்றி இறக்கி அவருக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. வண்டி வந்ததும் மனுஷன் முகத்தில் ஒரு களை. ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது? வாரியம் பாதை போட்டது ஸ்கூட்டரை மனசில் வைத்து. பாதையின் இரு பக்கமும் கண்மாய் மண். ஒரு தூற்றல் விழுந்தால் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். கேட்டை அவர் பெரிதாக்கிவிட்டார். கேட்டுக்கு வாரியத்தில் விதி இல்லை. பாதையையும் ஒரு பக்கம் இரண்டரை அடி சேர்த்துப் போட்டுவிட்டால் வண்டி அம்சமாக உள்ளே வந்துவிடும்.

வந்தே ஆகவேண்டிய கட்டாயமும் இருந்தது. சித்திரை ஒன்றாம் தேதி முதல் ரோட்டில் நிற்கும் வண்டிகள் பறிமுதல் செய்யப்படும் என்று அதே வாரியம் போர்டு எழுதி மாட்டியிருந்தது. மைக்செட்காரருக்குச் சித்திரையும் வைகாசியும்தான் வருஷத்துச் சோறு. திருவிழா, கல்யாணம், ஊருக்கு ஊர் கோயில் பொங்கல் என்று படுக்க நேரமிருக்காது. வண்டி போனால் சித்திரை போச்சு. சித்திரை போனால் வண்டியை மீட்க முடியாது.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் பாதை அகலமாகித்தான் இருக்கிறது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினார்கள், விஷயம் முடிந்தது. நல்லகாமன் மட்டும் கேட்டார். ஏன் கேட்டார் என்றால், குழாய் கட்டுகிற ஒவ்வொரு தடவையும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அனுமதி வாங்கி வாங்கி அவருக்கு அது சுபாவமாகவே ஆகிவிட்டது. கேட்காமல் எதையும் செய்ய அவருக்குக் கை வராது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு, வாரிய அலுவலகத்தில் போய் நின்றார். என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் கள ஆய்வாளர் மொக்கையன். டேப்பைப் பாதையில் நீட்டினார், சுருட்டினார், மறுபடி நீட்டினார். பிறகு வேனைப் பார்த்தார்.

“உள்வழின்னா என்னண்ணே? வண்டி உள்ள போற வழி. ஒங்க வண்டி எங்க நிக்குது? வெளிய. அப்ப இது உள்வழியே இல்ல, வெறும் தரை. இல்லாத உள்வழிய எப்பிடி அகலமாக்குறது?”

அகலமாக்கினால் வண்டி உள்ளே வந்துவிடும் என்று நல்லகாமன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“உள்ள வந்திருச்சுன்னா அகலமாக்க வேண்டிய அவசியமே இல்லயேண்ணே” என்றார் மொக்கையன், வருத்தத்தோடு. உண்மையான வருத்தம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

செல்லத்தாய் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, வண்டி மொத்தமாக உள்ளே வந்தால்தான் கணக்கா, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ஆகாதா என்று கேட்டாள். ஆய்வாளர் யோசித்தார். ‘பகுதி நுழைவு’ என்று ஒரு விதி இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அவ்வளவுதான், நல்லகாமன் ஜாக்கியை எடுத்து வண்டியைத் தூக்கி ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே உருட்டிக்கொண்டு போனார். மொக்கையன் கூடவே நடந்து போய், சக்கரம் வாசற்படியைத் தொட்டதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு அதை வெளியே கொண்டுபோய் மாட்டி, அடுத்த சக்கரம். நாலு சக்கரமும் தனித்தனியே உள்ளே வந்து போயின. ஸ்டெப்னியை வண்டியின் அங்கமாகக் கருதலாமா என்பதில் மட்டும் ஒரு சந்தேகம் எழுந்தது. மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார்கள். பதில் வரும்வரை ஸ்டெப்னி கேட்டுக்கு வெளியே சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு நாய் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

அடுத்தது ஆட்சேபணைக் கூட்டம். எதிர்வீட்டுக்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை, அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும் என்று சொன்னேன். உதவி நிர்வாக அதிகாரி ராஜாராமனின் முகம் சுருங்கிவிட்டது.

“அப்படிச் சொல்லப்படாது சார். ஆட்சேபம்னு ஒண்ணு வந்தாத்தான் நாங்க அதைப் பரிசீலிச்சுத் தள்ளுபடி பண்ண முடியும். தள்ளுபடி பண்ணினாத்தான் அனுமதி. நீங்க இப்படி வாயை மூடிண்டு இருந்தேள்னா, பாவம், அவருக்குப் பாதை கிடைக்காது.”

ஆகவே, சிநேகத்துக்காக நான் அவரை எதிர்க்க வேண்டியதாயிற்று. எழுந்து நின்று, நீல வண்டியைத் தினமும் பார்ப்பதால் எனக்குக் கண் கரிக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் பலமாக இருந்தால் தேவலை என்று ராஜாராமன் காதோடு சொன்னார். மார்கழி மாசம் இவர் குழாயில் பாட்டுப் போட்டால் எங்கள் வீட்டுப் பால் திரிந்துபோகிறது என்று சேர்த்துக்கொண்டேன். வாசலில் நின்ற செல்லத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் என் மனைவி ஜானுவோடு பேசவில்லை.

நிர்வாக அதிகாரி எஸ். சிவனாண்டி, பி.ஏ., கண்ணை மூடிக்கொண்டு என் ஆட்சேபத்தைக் கேட்டார். செக்கானூரணிக்கு மேற்கே ஏதோ ஒரு கிராமத்துக்காரர்தான் அவரும். ஆனால் உத்தியோகம் ஏற ஏற ஊர்ப்பேச்சு உதிர்ந்துபோய், வாயைத் திறந்தால் மேடைத் தமிழ்தான் வரும். வீட்டில் தண்ணீர் கேட்பதும் அப்படித்தான் என்பார்கள்.

“ஒரு நீல வண்டியைக் கண்டு ஒரு முதியவரின் கண்கள் கலங்குகின்றன. அந்தக் கண்ணீரை இந்த வாரியம் மதிக்கிறது. மதித்து, நிராகரிக்கிறது. மதிக்காமலே நிராகரிப்பது தனியாரின் வழக்கம்” என்றார்.

பால் திரிந்த விவகாரம் பால் சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அனுப்பப்பட்டது. அதைப் பற்றி இன்று வரை எனக்கு ஒரு தகவலும் இல்லை.

இப்படியாக, பங்குனி பாதியில் அனுமதி கிடைத்தது. வாரியம் உண்டான நாளிலிருந்து அது கொடுத்த முதல் அனுமதி அது. வேறு யாரும் கேட்டதில்லையே! அதனால் அலுவலகத்தில் ஒரே பரபரப்பு. கொடுத்ததைக் கொண்டாடாமல் விடலாமா? அடிக்கல் நாட்டு விழா என்று முடிவு செய்தார்கள். இரண்டரை அடி சிமெண்ட் பாதைக்கு அடிக்கல்.

நல்லகாமன் வீட்டு வாசலில் பந்தல். வாழைமரம். ரோட்டை அடைத்து நாற்காலி. மைக்செட்டை நல்லகாமனே இலவசமாகப் போட வேண்டும், ஏனென்றால் விழா அவருடையது. மேடையில் அவருக்கு நாற்காலி கிடையாது, ஏனென்றால் அவர் மைக்செட்காரர். பொன்னாடை அவருக்கும் ஒன்று என்றுதான் பேச்சு. கடைசிப் பொன்னாடை ஜீப் டிரைவருக்குப் போனதும் தீர்ந்துவிட்டது. மைக்கை இரண்டு தட்டுத் தட்டி “ஹலோ, ஹலோ” சொல்லிவிட்டு நல்லகாமன் ஒதுங்கிக்கொண்டார். சிவனாண்டி மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

“சிலர் கேட்கிறார்கள், இத்தனை ஆண்டுகளில் இந்தக் கிளை ஒரு பாதையையாவது அகலப்படுத்தியிருக்கிறதா என்று. இல்லை. பெருமையோடு சொல்கிறேன், இல்லை. பாதை அகலமானால் வண்டி உள்ளே போய்விடும். வண்டி உள்ளே போய்விட்டால் மக்கள் எங்களைத் தேடி வருவார்களா? மக்கள் வராத அலுவலகம் மக்கள் அலுவலகமா? இன்று ஒருவருக்கு மட்டும் விதிவிலக்குச் செய்கிறோம். தயவுசெய்து இதை யாரும் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.”

வாரிய ஊழியர்கள் கை தட்டினார்கள். எனக்கும் கை பரபரத்தது. வேறு காரியத்துக்கு.

பிறகு கல்லை நட்டார்கள். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல். வழவழவென்று இழைத்து, மேலே எஸ். சிவனாண்டி, பி.ஏ. என்று கொட்டை எழுத்தில் பொறித்து, தேதி போட்டு, கீழே ராஜாராமன், மொக்கையன், ஜீப் டிரைவர் வரைக்கும் எல்லார் பெயரும் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. நல்லகாமன் பெயரைத் தேடினேன். அடியில், மண்ணோடு மண்ணாக, ‘பயனாளி ஒருவர்’ என்று இருந்தது.

கல்லை எங்கே நட்டார்கள் தெரியுமா? புதிதாகச் சேர்க்கப்போகும் இரண்டரை அடியின் நட்டநடுவில், கேட்டுக்கு நேரே. பூஜை போட்ட இடத்தில்தான் நட வேண்டுமாம். பூஜை போட்டவர் நிழல் பார்த்து உட்கார்ந்த இடம் அது. கல்லைச் சுற்றி வாரியச் செலவில் காங்கிரீட் குத்திவிட்டு, மீதிப் பாதையை உம் செலவில் போட்டுக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நல்லகாமன் பெர்மிட் சிமெண்டுக்கு அலைந்து, கொத்தனார் வைத்து, பாதையைப் போட்டு, சாக்கை நனைத்துப் போட்டு ஆறவிட்டார்.

பாதை அகலமானது. வண்டி போகவில்லை.

அன்றைக்கு நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் முன்னே நின்று கையைக் காட்டிக்கொண்டு வந்தாள். வண்டியின் மூக்கு கேட்டுக்குள் நுழைந்ததும், போதும் என்று கையை மறித்தாள். வலது சக்கரத்துக்கு நேரே எஸ். சிவனாண்டி, பி.ஏ. நல்லகாமன் இறங்கி வந்து, மைக்கைத் தட்டுவது மாதிரியே கல்லை இரண்டு தட்டுத் தட்டினார். வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ரோட்டில் நிறுத்தினார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நானும் அவர்களோடு அலுவலகத்துக்குப் போனேன். கல்லைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்று கேட்டோம். ராஜாராமன் விதியைப் பார்த்தார்.

“அடிக்கல்லை எடுக்கிற அதிகாரம் நட்டவருக்கு மட்டும்தான் சார். அவரும் தன் கையாலேயே எடுக்கணும். சிவனாண்டி சார் எடுக்க மாட்டார், அவர் பேர் பொறிச்ச கல்லு உலகத்துலயே இது ஒண்ணுதான். ஆகக்கூடி, அவர் இருக்கிற வரைக்கும் கல்லும் இருக்கும்.”

“அவரு இல்லாமப் போயிட்டா?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

அபசகுனமாகப் பேசாதே என்று ராஜாராமன் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டே தன் மேலதிகாரியின் நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

நல்லகாமன் கடைசியாக சிவனாண்டியின் வீட்டுக்கே போனார். வெளியே வெகுநேரம் நிற்கவைத்துவிட்டு, அதிகாரி வராந்தாவுக்கு வந்தார். கல்லைச் சுற்றி வண்டியை ஓட்டப் பழகிக்கொள்ளச் சொன்னார். வளைந்து கொடுப்பவனுக்குத்தான் வாழ்க்கை என்றும், சித்திரை ஒன்றாம் தேதி காலையில் வண்டி ரோட்டில் நின்றால் தாமே ஜீப்பில் வந்து எடுத்துப் போகப்போவதாகவும் சொல்லி அனுப்பினார்.

நல்லகாமன் அதை வீட்டில் வந்து சொன்னபோது செல்லத்தாய் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதிலிருந்த பேரையும் தேதியையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “சார், ஒங்க வீட்ல பேரு எழுதி, தேதி போட்டு, மனுசனுக்குக் கல்லு ஊண்டுறது எப்ப?” என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் பெயர் எழுதுவதில்லை, ஆனால் காரியத்தின்போது கல் ஊன்றுவது உண்டு என்றேன்.

“எங்க பக்கமும் அப்பத்தேன். கருமாதிக்குக் கல்லு ஊண்டி, எண்ணெ வச்சுக் குளிப்பாட்டி, பாலு ஊத்தி, அழுது, பெறகு கல்ல எடுத்துருவோம். உசுரோட இருக்குறவுகளுக்குக் கல்லு நட்டு நான் எங்கயும் பாத்ததில்ல. அந்தாளும் எங்க பக்கத்து மேக்கத்தியான்தேன். தெரிஞ்சுக்கிட்டே நட்டுருக்காரு. நட்டது நட்டாச்சு, செய்யவேண்டியத நம்ம செஞ்சிருவோம்.”

பங்குனி கடைசி நாள் காலையில் செல்லத்தாயின் பிறந்த ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் பொம்பளைகள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மூத்தவள் சின்னத்தாய், சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பேர்போன கை. கல்லுக்கு எண்ணெய் தடவி, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். பால் ஊற்றினார்கள். பெரிய சாமந்தி மாலை. ஊதுபத்தி. இலை போட்டுப் படையல். ஜானு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏன்னா, ஆத்து வாசல்ல இப்படிப் பண்ணலாமோ? தீட்டோன்னோ.”

அது செல்லத்தாய் காதில் விழுந்துவிட்டது. அடுத்தவன் வீட்டு வாசலில் அந்த மனுஷர் கல் நட்டபோதே தீட்டு வந்துவிட்டது, இது அதைக் கழிக்கிற வேலை என்று சொல்லிவிட்டு முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நல்லகாமன் நாலு குழாய் கட்டினார். ஒன்று தெப்பக்குளத்தைப் பார்த்து, ஒன்று கே.கே. நகரைப் பார்த்து, ஒன்று கண்மாயைப் பார்த்து, ஒன்று வாரிய அலுவலகத்தைப் பார்த்து. மைக்கைத் தட்டி “ஒன், டூ, த்ரீ” சொல்லிவிட்டுச் சின்னத்தாயின் வாயருகே வைத்தார்.

“ரோட்டுல வண்டி நின்னா – எங்கய்யா
ரூலு போட்டுப் பிடிச்ச ராசா
வீட்டுக்குள்ள வழி கேட்டா – எங்கய்யா
விழா எடுத்து அடைச்ச ராசா
பி.ஏ. படிச்ச மகராசா – எங்கய்யா
பேரெழுதிப் போன ராசா
சிவனாண்டி மகராசா – ஒனக்குச்
சின்னதொரு பாதையில்லயா.”

கேட்பவர் நெஞ்சு கரைந்துவிடும். என்ன விஷயம் என்று தெரிந்தும், நானே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நம் ஊர் சமாச்சாரம் தெரியுமே. குழாயில் ஒப்பாரி கேட்டால் யார் எப்படி என்று விசாரிப்பது அப்புறம்தான், முதலில் மாலை வாங்கிவிடுவார்கள். அரை மணியில் சிவனாண்டியின் வீட்டு வாசலில் வாரியக் காண்டிராக்டர்கள் குவிந்துவிட்டார்கள். கப்பலூரிலிருந்துகூட ஒருவர் காரில் வந்தார். கதவைத் திறந்த சிவனாண்டியின் மனைவி சோலையம்மாள் முகத்தைப் பார்த்ததுமே இரண்டு பேர் கேவி அழுதார்கள். அதிகாரி அப்போது எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன சத்தம் என்று கௌபீனத்தோடு எழுந்து வந்தவரைப் பார்த்ததும் காண்டிராக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர், கொண்டுவந்த மாலையை வீணாக்குவானேன் என்று அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

குளித்தும் குளிக்காமலும் அவர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே கொடி இறங்கியிருந்தது. ஊழியர்கள் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள். நிர்வாக அதிகாரியின் நாற்காலியில் ராஜாராமன் உட்கார்ந்திருந்தார். மௌனம் முடிந்ததும் அரைநாள் விடுமுறை. அதனால் சிவனாண்டி உள்ளே நுழைந்தபோது யாருக்கும் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

அப்புறம் நடந்ததை மொக்கையன் எனக்குச் சொன்னார். இரங்கல் தீர்மானம் நிறைவேறிவிட்டது, அதை ரத்து செய்ய வேண்டுமானால் கூட்டம் போட வேண்டும், கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் நிர்வாக அதிகாரிக்குத்தான் என்றாராம் ராஜாராமன். நான்தானே ஐயா நிர்வாக அதிகாரி என்று சிவனாண்டி கத்தினாராம்.

“தீர்மானத்தின்படி இல்லையே சார். அந்தக் கல்லும் அங்கே இருக்கு, மாலையும் போட்டிருக்கு. கல்லு இருக்கிற வரைக்கும் எங்களால ஒண்ணும் சொல்றதுக்கில்லை” என்று சொன்ன ராஜாராமன், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

சிவனாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. காதோரம் எண்ணெய் வடிந்தது. ஒப்பாரியை நிறுத்தச் சொன்னார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். வாரியத்தின் கல்லை அவமதிப்பது குற்றம் என்றார். செல்லத்தாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே, மாலை போடுவது அவமதிப்பு என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டாள். கூட வந்த மொக்கையன் அப்படி விதி இல்லை என்று மெல்லச் சொன்னார். சின்னத்தாய் அடுத்த அடியை எடுத்தாள். அதில் அவருடைய பெண்டாட்டி பெயர் வந்தது, தாலி வந்தது. அவ்வளவுதான். இத்தனை வருஷ மேடைத் தமிழும் ஒரு நொடியில் கழன்று விழுந்தது.

“ஆத்தா, நிறுத்துங்க ஆத்தா. எம் பொஞ்சாதி வீட்ல அழுதுக்கிட்டுக் கெடக்கா. அந்தக் கல்ல எடுத்துருங்க.”

“நாங்க எடுக்கக் கூடாதாம்ல. நட்டவுகதேன் எடுக்கணுமாம். ஒங்க ஆபீஸ்லதேன் சொன்னாக” என்றாள் செல்லத்தாய். வாசலில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டார். வேறு வழி? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தினார். வாரியம் தன் வாழ்நாளில் ஒழுங்காகப் போட்ட ஒரே காங்கிரீட் அது, அசையவில்லை. மறுபடி குத்தினார். தெரு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில்தான் நாலு குழாயும் ஒரு தடவை கரகரத்தன.

“ஹலோ. ஹலோ. ஒன், டூ, த்ரீ.”

நல்லகாமன்தான். வழக்கம்போல அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஊரார் விழாக்களில் கேட்டுக் கேட்டு அவர் காதில் ஏறியிருந்த மேடைத் தமிழ் முழுக்க இறங்கி வந்தது.

“அன்பார்ந்த காலனிப் பெருமக்களே. நம் வாசலில் நம்மைக் கேட்காமல் கல் நட்ட நிர்வாக அதிகாரி அவர்கள், இப்போது தமது பொற்கரங்களால் அந்தக் கல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அன்னார் உயிரோடுதான் இருக்கிறார்கள். அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் நெம்ப வேண்டியிருக்கிறது. இதை அனைவரும் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.”

கை தட்டினார்கள் பாருங்கள், அது கைதட்டல். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்க. ஜானுவும் தட்டினாள்.

மத்தியானம் ஆவதற்குள் கல் சாய்ந்தது. அதை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. வீட்டுக்குள் கொண்டுவந்தால் தான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாக சோலையம்மாள் சொல்லியனுப்பிவிட்டாள். அலுவலகத்தில் வைக்க இடமில்லை என்று ராஜாராமன் சொல்லிவிட்டார். உடைத்துப் போட்டுவிடும்படி சிவனாண்டி கெஞ்சினார். உடைக்க அனுமதி இருக்கிறதா என்று செல்லத்தாய் கேட்டாள். அவர் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு நடந்தே போய்விட்டார்.

கல் பிடுங்கிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதே கல்லை அந்தப் பள்ளத்திலேயே குப்புறப் படுக்கவைத்து, சுற்றிச் சிமெண்ட் பூசி மட்டமாக்கினார்கள். இந்தத் தடவை நல்லகாமன் யாரையும் கேட்கவில்லை. பூச்சு இன்னும் காயாததால் கல்லின்மேல் ஒரு பலகையைப் போட்டு, பொழுது சாயும்போது வண்டியை எடுத்தார். செல்லத்தாய் கையைக் காட்டிக்கொண்டே வாசற்படி வரை பின்னோக்கியே நடந்தாள். வலது சக்கரம் கல்லின்மேல் ஏறி இறங்கியது. வண்டி முழுக்க உள்ளே வந்ததும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலையில் அழுத அழுகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் ரோட்டில் நிற்கும் வண்டிகளைப் பறிமுதல் செய்ய, சிவனாண்டிக்குப் பதிலாக மொக்கையன் தெருத்தெருவாக வந்தார். காலனி முழுக்கத் தேடியும் ரோட்டில் நின்றது வாரிய ஜீப் ஒன்றுதான். என்ன செய்வது என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு எங்கள் வீட்டுப் பாதையையும் இரண்டரை அடி அகலமாக்கினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்ற ஜானு, பாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

“ஏன்னா, நம்மாத்துல சைக்கிள்கூடக் கிடையாதே.”

“கிடையாது” என்றேன்.